ஆய்வறிவும் ஊரும்: ஆனைகட்டி – அட்டப்பாடி எல்லைப்பகுதியை முன்வைத்து

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக மேற்கே செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஆனைகட்டியை அடைகின்றது. ஆனைகட்டி என்னும் ஊர்ப்பெயர் இரு மாநிலங்களுக்கும் உரியது. கொடுங்கரைப்பள்ளம் என்னும் ஓடையின் கிழக்குக் கரை தமிழ்நாட்டின் ஆனைகட்டி. மேற்குக் கரை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஆனைகட்டி. ஓடையைக் கடந்ததும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகின்றது. ஆனால் இருகரை இருளர் ஊர்களிலும் வீட்டுக்குள் பேசப்படும் மொழி மாறுவதில்லை. அங்கிருந்து மேற்கே விரியும் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகள் அங்கு வாழ்கின்றனர். பவானியும் சிறுவாணியும் அப்பள்ளத்தாக்கின் ஆறுகள்.

1956 நவம்பர் 1 வரை அட்டப்பாடி, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநில அமைப்பு இந்த ஓடையை எல்லையாக்கியபோது தமிழும் மலையாளமும் தத்தம் நிலத்தைப் பெற்றன. இருள மொழி இரண்டாகப் பிரிந்தது. ஒரே குடியினர் ஒரு பக்கம் தமிழ்ப் பள்ளிக்கும் மறுபக்கம் மலையாளப் பள்ளிக்கும் செல்லத் தலைப்பட்டனர்.

இந்திய அளவில் அறிஞர் கவனத்தை இத்துணை ஈர்த்த சிறு நிலப்பகுதி வேறு உண்டா என்பது ஐயமே. சூழலியலார், மானிடவியலார், மருத்துவர், மொழியியலார், வளர்ச்சித் திட்ட வல்லுநர் எனப் பலரும் இங்கு வந்து சென்றுள்ளனர். அவர்கள் திரட்டிய அறிவு எவ்விடங்களில் அப்பகுதி மக்களின் இடர் தீர்க்கப் பயன்பட்டது, எவ்விடங்களில் நூலகத்தோடு நின்றுவிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அமைதிப் பள்ளத்தாக்கு: ஆய்வு வென்ற இடம்

அட்டப்பாடியின் மேற்கு ஓரத்தில், முக்காலி என்னும் ஊரைக் கடந்து செல்லும் மலைக்காடே அமைதிப் பள்ளத்தாக்கு. அதனூடே ஓடும் குந்திப்புழை ஆற்றில் சைரந்திரி என்னுமிடம் நீர்மின் நிலையத்திற்கு ஏற்றது என்று 1920களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. 1973இல் திட்டக்குழு இசைவளித்தது. முதற்கட்டத்தில் 120 மெகாவாட் மின்னாக்கம். ஏறத்தாழ 130 மீட்டர் உயர அணை. நீரில் மூழ்கும் நிலம் 830 எக்டேர் என்பது திட்டத்தின் வடிவம். மலபார்ப் பகுதியின் மின்பற்றாக்குறை உண்மையானது. தொழிலும் வேலையும் வேண்டி நின்ற மக்களுக்கு அத்திட்டம் நம்பிக்கையளித்தது. கட்சி வேறுபாடின்றி அரசியலாளர் பலரும் தொழிற்சங்கத்தாரும் அதை ஆதரித்தமையைக் குற்றமாகக் கருதவியலாது.

எதிர்ப்பு முதலில் ஆய்வுக்குறிப்பாகவே எழுந்தது. 1976இல் தேசியச் சுற்றுச்சூழல் திட்டமிடல் ஒருங்கிணைப்புக் குழு அமைத்த, சபர் ஃபதேஅலி தலைமையிலான பணிக்குழு, திட்டத்தைக் கைவிடலாம் என்றும், கைவிடாவிடின் பல பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பின்னர்க் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி. எஸ். விஜயன் அணையின் விளைவுகளைக் களத்தில் ஆராய்ந்தார். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் எம். கே. பிரசாத் பொதுமக்களுக்குப் புரியும் மலையாளத்தில் இச்சிக்கலை எழுதினார்.

1979இல் பரிஷத் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அதன் ஆசிரியர் குழுவில் எம். கே. பிரசாத், எம். பி. பரமேசுவரன், வி. கே. தாமோதரன், கே. என். சியாமசுந்தரன் நாயர், கே. பி. கண்ணன் ஆகிய ஐவர் இடம்பெற்றனர். உயிரியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் ஆகிய துறைகள் ஒரே மேசையில் அமர்ந்த அறிக்கை அது. காட்டைக் காக்க வேண்டும் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மலபாருக்கு மின்சாரம் எவ்வழியில் கிடைக்கும் என்ற கேள்விக்கும் விடை தந்தனர். மின்கடத்தல் இழப்பைக் குறைத்தல், மாற்று நிலையங்களை அமைத்தல் முதலிய வழிகளைக் கணக்கிட்டுக் காட்டினர். எதிர்த்தரப்பின் தேவையைப் பொய்யென்று தள்ளாமல், அத்தேவைக்கு வேறு வழி காட்டியதே அவ்வறிக்கையின் வலிமை.

அறிக்கை ஊருக்குச் சென்ற முறையும் கருதத்தக்கது. பரிஷத் 1962இல் அறிவியல் எழுத்தாளர்களின் சிறு அமைப்பாகத் தோன்றியது. 1970களில் சமூகப் புரட்சிக்கு அறிவியல் என்னும் முழக்கத்தை ஏற்றது. பள்ளி ஆசிரியர்களே அதன் முதுகெலும்பு. ஆய்வு முடிவுகளை அவர்கள் வகுப்பறைக்கும் ஊர்க்கூட்டத்திற்கும் எடுத்துச் சென்றனர். சுகதகுமாரி முதலிய கவிஞர்களும் உடன் நின்றனர். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு 1985 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பெற்றது.

1990இல் ஆனைகட்டியில் பறவையியல், இயற்கை வரலாறு ஆகியவற்றுக்கென சலீம் அலி மையம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் அதே வி. எஸ். விஜயன். பாரதியார் பல்கலைக்கழகத்தின் இசைவோடு அங்கு முனைவர் பட்ட ஆய்வுகள் நிகழ்ந்தன. அமைதிப் பள்ளத்தாக்கில் விளைந்த பட்டறிவு, அதற்குக் கிழக்கே ஒரு நிறுவனமாகவே நிலைகொண்டது என்று கூறலாம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் செல்லவியலாது. காடு, குரங்கு, மின்சாரம் ஆகியவை பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில், அக்காட்டின் கிழக்கு விளிம்பில் வாழ்ந்த முதுகரும் குறும்பரும் தம் நிலத்தை இழந்துகொண்டிருந்தனர். சிங்கவால் குரங்கின் பெயரை நாடறிந்த அளவிற்கு அவர்தம் பெயரை நாடு அறிந்திருக்கவில்லை.

எண்களும் சட்டமும்

1951 மக்கள்தொகைக் கணக்கின்படி அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2001இல் அவ்விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடாகச் சுருங்கியது. பழங்குடியினரின் எண்ணிக்கை குறையவில்லை. மேற்கிலிருந்து திருவிதாங்கூர்ப் பகுதி உழவரும் கிழக்கிலிருந்து கொங்குப் பகுதியினரும் குடியேறியமையே காரணம். குடியேறியோருள்ளும் ஏழைகள் மிகுதி என்பதை மறத்தல் கூடாது.

பழைய ஆட்சிமுறையில் ஊர்மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணூக்காரன் ஆகியோர் இருந்தனர். எந்தச் சரிவில் எந்த ஆண்டு கொத்துக்காடு வேளாண்மை செய்வது என்பதை முடிவு செய்ததில் மண்ணூக்காரனுக்குத் தனியிடம் உண்டு. இராகி, சாமை, தினை, துவரை ஆகியவை கலந்து விதைக்கப்பட்டன. நிலம் ஊருக்குரியது; பட்டா ஒருவரிடமும் இல்லை. பட்டா அறிந்தவர் வந்தபோது இம்முறை தோற்றது.

கேரள அரசு 1975இல் பழங்குடியினர் நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. அதற்கான விதிகள் வெளிவந்தது 1986இல். நல்லதம்பி தேரா என்னும் மருத்துவர் 1988இல் உயர் நீதிமன்றத்தை அணுகியதன் விளைவாக, சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு 1993இல் தீர்ப்பு வந்தது. நடைமுறைப்படுத்துவதற்கு மாறாக, 1996இல் சட்டத் திருத்தமும் 1999இல் புதுச்சட்டமும் வந்தன. இரண்டு எக்டேர் வரை கைம்மாறிய நிலத்தை இருப்பவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரப்படும் என்பது புதுச்சட்டத்தின் சாரம். 2009இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. நில இழப்பு பற்றிய ஆய்வுகளுக்கோ கணக்குகளுக்கோ இங்குக் குறைவில்லை. அமைதிப் பள்ளத்தாக்கில் இருந்து இங்கு இல்லாமற்போனது, அக்கணக்குகளைத் தூக்கிச் சென்று ஊர்தோறும் பேசிய ஆசிரியர் படை.

1990களின் இடையில் ஜப்பானியக் கடனுதவியோடு, ஏறத்தாழ 219 கோடி ரூபாய் மதிப்பில் அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் பணியைத் தொடங்கியது. தரிசான மலைச்சரிவுகள் பசுமை பெற்றன. ஊர்தோறும் வளர்ச்சிக் குழுக்கள் அமைந்தன. பழங்குடி இளைஞர் பலர் வேலை பெற்றனர். திட்டக்காலம் முடிந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், 2013இல், அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அப்போது கேரளத்தின் சிசு இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 12. இந்தியப் பெருமாநிலங்களில் மிகக் குறைந்த அளவு. கல்வியிலும் நலவாழ்விலும் முன்னணியில் நின்ற மாநிலத்தின் ஒரு மூலையில் தாய்மார் குருதிச்சோகையால் நலிந்திருந்தனர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளிட்ட பல குழுக்கள் வந்து ஆராய்ந்தன. இராகியும் சாமையும் விளைந்த நிலம் போனதும், உணவு நியாயவிலைக் கடை அரிசியாகச் சுருங்கியதும் பேசுபொருளாயின. ஊர்தோறும் குடும்பசிரீ வழியாகச் சமூகச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. 2017இல் சிறுதானியக் கிராமம் என்னும் திட்டம் வந்தது. மண்ணூக்காரன் முன்னரே அறிந்திருந்ததை அறிக்கைகள் சுற்றிவந்து கண்டடைந்தன.

குருதியில் கண்டது

அறிவுக்கும் பயனுக்கும் இடையே காலம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ஒரே ஒரு சான்று போதுமானது. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் அரிவாள் வடிவச் செல் பண்பு இருப்பதைக் கண்டு மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். இந்தியாவில் அந்நோய்ப் பண்பு பற்றிய முதல் பதிவுகளுள் அது ஒன்று. அட்டப்பாடிப் பழங்குடியினரிடமும் இந்நோய் உண்டு. நோயுற்ற குழந்தை கைகால் மூட்டு வலியால் துடிக்கும். மருத்துவர் அறியாவிடின் வாதநோய் என்று மருந்து தரப்படும். நாடு தழுவிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது 2023 சூலையில். இடைவெளி 71 ஆண்டுகள்.

இவ்விடைவெளியை அரசுக்காகக் காத்திராமல் குறுக்கியவரும் உண்டு. நீலகிரியின் கூடலூரில் 1990இல் உருவான அஸ்வினி என்னும் அமைப்பு, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்தியது. அரிவாள் செல் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தது. நோய்க்குறியை நோயாளியின் மொழியிலேயே கேட்டறியும் செவிலியர் கிடைத்தமை அதன் தனிச்சிறப்பு.

மொழியா, வழக்கா?

தமிழ்த்துறைகளுக்கு நேர்த்தொடர்புடைய பகுதி இதுவே. கிரியர்சனின் இந்திய மொழியளவீடு இருள மொழியைத் தமிழின் கிளைவழக்காகவே வைத்தது. 1968இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு டிஃப்லோத் இருள மொழி குறித்து முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973 முதல் இருள மொழி பற்றித் தொடர்ச்சியாக நூல்களை வெளியிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையிலிருந்து இரா. பெரியாழ்வாரின் இருள ஒலியனியல் ஆய்வு சொற்றொகுதியுடன் 1979இல் வெளிவந்தது. தமிழில் இல்லாத நடுவுயிர்கள் இருள மொழியில் பொருள் வேறுபடுத்தும் ஒலியன்களாக நிற்கின்றன என்பதையும், தமிழோடு மிக நெருங்கிய உறவுடையதாயினும் தனித்து நோக்கத்தக்க தென்திராவிட மொழி அது என்பதையும் இவ்வாய்வுகள் நிறுவின.

அம்முடிவு வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆறு வயது இருளக் குழந்தை தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையாகவே பள்ளிப் பதிவேட்டில் நுழைகின்றது. வீட்டில் கற்ற உயிரொலிகளுக்கு அரிச்சுவடியில் எழுத்து இல்லை. ஆசிரியர் அதைப் பிழையாக ஒலிப்பதாகக் கருதித் திருத்துகின்றார். குழந்தைக்குத் தன் தாயின் பேச்சே பிழை என்னும் எண்ணம் முதல் வகுப்பிலேயே விழுகின்றது. ஓடைக்கு மேற்கே மலையாளம் அதே பணியைச் செய்கின்றது. வழக்கு என்று சொன்னால் உரிமை தேவையில்லை. மொழி என்று சொன்னால் ஆசிரியர் தேவை, பாடநூல் தேவை. மொழியியலார் தீர்த்துவிட்டதாகக் கருதும் ஒரு வகைப்பாட்டுச் சிக்கல், இவ்வாறு ஆட்சித்துறையில் செலவுக் கணக்காக உருமாறுகின்றது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இருளத்தைத் தமிழின்கீழ்த்தான் தொகுத்து வைக்கின்றது. 2011 கணக்கில் இருளரைப் பழங்குடியாகப் பதிவு செய்தோர் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக இரண்டு இலட்சத்துக்கு மேல். இருளத்தைத் தாய்மொழி என்று பதிவு செய்தோர் ஏறத்தாழ 12 ஆயிரம். சமவெளி இருளர் தமிழையே பேசுவோராகிவிட்டமை இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். மலையில் இருளம் பேசுவோரும் கணக்கெடுப்பவர் கேட்கும்போது தமிழ் என்றோ மலையாளம் என்றோ கூறியிருக்கலாம். கேட்கும் மொழியிலேயே விடையும் அமைவது இயல்பு.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வேண்டும் என்பது புதுக்கருத்தன்று. 1953இல் யுனெஸ்கோ அதனை வலியுறுத்தியது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அதற்கான ஏற்பாட்டைச் செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. மாநிலங்களைப் பிரித்த ஆண்டும் இப்பிரிவு வந்த ஆண்டும் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. ஒடிசா மாநிலம் 2006–07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. கேரளம் 2017 வாக்கில் பழங்குடி இனத்தாரையே தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக்கும் கோத்திரபந்து திட்டத்தை வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் கொண்டுவந்தது. அட்டப்பாடி ஊர்களில் குழந்தைகளுக்கு அவர்தம் மொழியிலேயே பாடத்தை விளக்கும் 'நமத் பாசை' திட்டமும் தொடர்ந்தது. குழந்தை சொல்வதைப் பிழை என்னாத ஒருவர் வகுப்பறையில் நிற்கிறார் என்பதே இவற்றின் அடிப்படை. சுவெலபிலின் நூல்கள் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. அந்நூல்களைப் படித்து நடந்ததாகவும் தெரியவில்லை.

தமிழுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்த 2004க்குப் பின் குறிஞ்சித்திணை பற்றிய கருத்தரங்குகள் பெருகின. தினைப்புனமும் தேனும் வெறியாட்டும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. தினை விதைத்துத் தேனெடுத்து வாழும் குடிகளின் சொற்களை, அவை வழக்கிலிருக்கும்போதே தொகுக்கும் முயற்சிக்கு அக்கருத்தரங்குகளில் கிடைத்த இடம் சிறிது. பக்தவத்சல பாரதி போன்ற மானிடவியலார் தமிழகப் பழங்குடிகள் பற்றித் தமிழிலேயே விரிவாக எழுதியமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. கோவைப் பகுதியைச் சேர்ந்த இலட்சுமணன் இருள மொழியில் கவிதைகள் எழுதி 'ஒடியன்' என்னும் தொகுப்பைத் தமிழெழுத்தில் வெளியிட்டார். அட்டப்பாடி இருளப் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது அவர் பாடியிருந்ததும் இருள மொழியிலேயே. அவர்தம் பாட்டு நாடெங்கும் கேட்கப்பட்டது. அம்மொழியின் நடுவுயிர்களைத் தமிழெழுத்தில் எவ்வாறு குறிப்பது என்பது, ஒலியனியல் ஆய்வு வெளிவந்து நாற்பதாண்டுகள் கடந்தும், பாடநூல் அளவில் தீர்க்கப்படாமலே உள்ளது. இதற்குப் பெருநிதி வேண்டா. ஒரு மொழியியலாரும், இருளம் பேசும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிலரும், ஓடையின் இருபுறத்துக் கல்வித்துறைகளின் இசைவும் இருந்தால் ஓராண்டில் முடியக்கூடிய பணி. இசைவு பெறுவதே அரிது. ஏனெனில் இரண்டு மாநிலங்கள் ஒரே எழுத்துமுறையை ஏற்க வேண்டும், அல்லது இரண்டு எழுத்துகளில் ஒரே பாடத்தை அச்சிட வேண்டும்.

இடமலைக்குடியில் ஒரு நூலகம்

ஆனைகட்டிக்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லைக் காட்டில் இடமலைக்குடி உள்ளது. முதுவர் வாழும் இவ்வூர் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. வாகனப் பாதை இல்லாத அக்காலத்தில், பி. கே. முரளீதரன் என்னும் ஆசிரியர் அங்கேயே தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்துவந்தார். அவரும் சின்னத்தம்பி என்னும் முதியவரும் சேர்ந்து, சின்னத்தம்பியின் மண்சுவர்த் தேநீர்க்கடையில் ஏறத்தாழ 160 நூல்களைக் கொண்டு ஒரு நூலகத்தைத் தொடங்கினர். காட்டுவழியே சுமந்து கொண்டுசெல்லப்பட்ட நூல்கள் அவை. இதழாளர் பி. சாய்நாத் 2014இல் அதைப் பற்றி எழுதியதன் வழியாகவே வெளியுலகம் அதை அறிந்தது.

அந்நூலகத்தில் கதைப்பத்திரிகைகளோ தேர்வு வழிகாட்டிகளோ முதன்மை பெறவில்லை. வைக்கம் முகமது பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் ஆகியோரின் படைப்புகள் இருந்தன. யார் எந்நூலை எப்போது எடுத்துச் சென்றார் என்பதைச் சின்னத்தம்பி குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதிவைத்தார். முதுவர், மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியவர் தம் முன்னோர் என்று கூறும் மரபினர். அவர்கள் அக்கடையிலிருந்து இரவல் பெற்றுச் சென்ற நூல்களுள் சிலப்பதிகாரமும் ஒன்று.